சிவந்த அக்ரூட்

தியான்ஜின் நகரத்துப் பூச்சந்தைக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும். கூண்டுப் பறவைகளின் எச்சம், வாளியில் அழுகும் அல்லித் தண்டு, பறவைத் தீனிக்காகத் தட்டில் நெளியும் மஞ்சள் புழு. அன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனேன். பக்கவாதத்தில் என் கணவர் கெங்கின் வலது கை விறைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டு அக்ரூட் கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிப் பழகினால் விரல்களுக்கு அசைவு திரும்பும் என்றார் வைத்தியர்.

கொட்டை விற்றவளுக்கும் என் வயதுதான். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள்.

"புதுசு வெளிறிக் கிடக்கும் அக்கா. இதைப் பாருங்க, செத்துப்போன என் வீட்டுக்காரர் நாப்பது வருஷம் உருட்டினது. கை எண்ணெய் ஏறி எப்படிச் சிவந்திருக்கு."

"செத்தவரோட அழுக்கை என் தலையில கட்டறியா?"

"அழுக்கு இல்லாம அந்தச் சிவப்பு ஏது? சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டேன். விரலில் பிசுபிசுத்தது. முகர்ந்தேன்.

காதுக் குறும்பியின் நாற்றம்.

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துடைத்து வைத்த சற்று நேரத்தில் மறுபடி எண்ணெய் கசிந்து நின்றது. என்ன செய்ய, கை வேண்டுமே. கெங்கின் கையில் திணித்தேன்.

மூன்றாம் நாள் விரல் அசைந்தது. பத்தாம் நாள் கொட்டைகள் கடகடவென்று சுழன்றன.

"பாத்தியா கிழவா, இனி நீயே சோறு தின்னலாம்."

"நான் எங்கடி உருட்டறேன்? அதுவா உருட்டுது," என்றார் கெங். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கையின் சுண்டுவிரலைப் பார்த்தேன். முந்தின நாள் நான் வெட்டிவிட்ட நகம் ஓர் அங்குலம் வளர்ந்து மஞ்சளாக வளைந்திருந்தது. மறுபடி வெட்டினேன். காலையில் திரும்ப இருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கெங் கண்ணயர்ந்தபோது அந்தக் கை தானாக எழுந்து அவர் காதைக் குடைந்தது. எடுத்ததைக் கொட்டைகளில் நிதானமாகத் தடவியது.

கொட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடினேன்.

நீட்டிய துணியை அவள் தொடக்கூட இல்லை.

"நகம் வந்துடுச்சா அக்கா?"

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"அவருக்குத் தன் காது பத்தாது. தினமும் என் காதைத்தான் குடைவாரு. போனப்புறமும் விடல, என் கையாலயே குடைஞ்சாரு." பஞ்சை எடுத்துக் காட்டினாள். உள்ளே சீழ். "இப்பதான் ஆறுது. திரும்ப வாங்கமாட்டேன்."

வழியில் ஆற்றில் வீசினேன். மிதக்க வேண்டிய கொட்டைகள் கல்லாக முழுகின.

வீட்டில் கெங்கின் கை பழையபடி செத்துக் கிடந்தது.

"போச்சுடி," என்றார் மெதுவாக.

"போகட்டும் கிழவா. நான் ஊட்டறேன்."

களைத்துப்போய் அவர் மடியில் தலை சாய்த்தேன்.

காதருகே கடகடவென்று சத்தம்.

கெங்கின் வலது கை சுழன்றுகொண்டிருந்தது. வெறும் உள்ளங்கை.

பிசுபிசுப்பாக ஒரு நகம் என் காதுக்குள் மெல்ல இறங்கியது.

இப்போதெல்லாம் பஞ்சைத் தினமும் இரண்டு முறை மாற்றுகிறேன்.