டவர் கிணறு

'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தபோது தனப்பிரியாவின் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கோடே இல்லாத போனுக்குள் செய்தி எப்படி வந்தது? தன் கண்தான் தப்பாகப் பார்க்கிறதோ என்று போனை அணைத்துப் போட்டாள்; சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கோடு வரவில்லை. செய்தி மட்டும் அப்படியே இருந்தது.

கணவன் மோகன்குமார் ரிக் வண்டியோடு ஒடிசாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தான். நேற்றுப் பேசியபோது, "பிரியா, என்னைய ஆஸ்பத்திரியில..." என்றான். அதோடு அறுந்துவிட்டது; திரும்பத் திரும்ப அடித்தும் அவன் எண்ணுக்குப் போகவில்லை. காய்ச்சலா, குழாய் சரிந்து விழுந்ததா, உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. மாமியாரிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

"பொழுது எறங்குற நேரத்துல எங்க கெளம்பிட்ட?" என்றாள் மாமியார் சௌந்திரம்.

"டவருக்குங்க அத்தை. ஊட்டுல சிக்னலே இல்லைன்னு கம்பெனிக்கு இன்னொருக்கா சொல்லிப்போட்டு வாரேன்."

"சொல்லிச் சொல்லி உன்ற வாய்தான் தேயுது. அவனுங்களுக்குக் காது இருந்தாத்தான?"

டவர் என்றால் தோட்டத்துக் கோடியிலிருக்கும் பழைய கிணறு. சுற்றுப்பட்ட தோட்டங்களில் யார் போனுக்கும் அந்தக் கிணற்று மேட்டில்தான் உயிர் வரும். கம்பெனிக்காரன் இந்தக் கிணற்றுக்கு வாடகை தர வேண்டும் என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு மோகன்குமார்கூட உள்ளே இரண்டு படி இறங்கி நின்றுதான் அவளிடம் பேசுவானாம்.

கோழிப்பண்ணையின் புளித்த எச்ச வாடை காற்றில்லாமல் வரப்பின்மேல் தேங்கிக் கிடக்க, பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை ஆறும்போது நகத்தால் சுண்டுவதுபோல் டக் டக்கென்று சத்தம் கொடுக்க, தென்னை நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து தரையே தெரியாமல் போன அந்த நேரத்தில், அவள் மேட்டில் நின்று வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தாள். எப்போதும் ஒரு பாட்டு ஓடும், இந்த எண்ணை அழுத்து அந்த எண்ணை அழுத்து என்று அலைக்கழிப்பார்கள். இன்று மணி அடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் மேடம். உங்கள் புகாரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நகர்ந்து நின்று பேச முடியுமா?"

எல்லாத் தடவையும் சொல்வதுதான். அவள் தென்னை மரத்தின் பக்கம் நகர்ந்தாள்.

"அந்தப் பக்கம் இல்லை மேடம். கீழே."

நாம் நிற்கிற இடம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டரில் தெரியுமோ என்னவோ. தெரியாததைக் கேட்டு அசடாகிவிடக் கூடாதென்று, கிணற்றுச் சுவரில் நீட்டியிருந்த கல்படியில் காலை வைத்தாள். ஒரு கோடு ஏறியது. அடுத்த படியில் இன்னொன்று. உள்ளே ஈரக்கல்லின் குளிர்ச்சி கணுக்காலைப் பிடித்தது.

"நன்றாக வருகிறீர்கள். இணைப்புக் கொடுக்கிறேன்."

"பிரியா." மோகன்குமாரின் குரல். இரைச்சல் இல்லை. காதுக்குள்ளேயே இருந்து பேசுவதுபோல.

"ஏனுங்க! ஆஸ்பத்திரின்னீங்களே, என்னாச்சுங்க?"

"சரியாக் கேக்கல புள்ள. இன்னுங் கொஞ்சம் எறங்கு."

அழுதுகொண்டே இறங்கினாள். படிகளை எண்ணவில்லை. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாசி வாடை. அதற்கும் அடியில் வேறொரு வாடை, நெடுநேரம் மூடிவைத்த வாயைத் திறந்ததுபோல.

"பிரியா!" மேலே விளிம்பில் சௌந்திரத்தின் குரல். "கண்ணு, எங்கிருக்கற? மோகன் பேசறான்! என்ற போன்ல! ஊட்டுக்குள்ளயே டவர் வந்துருச்சு! கையில லேசா அடியாம். உன்னையத்தான் கேக்கறான், ஓடியா சாமி!"

அவள் நின்றாள்.

மேலே, மாமியாரின் போனிலிருந்து, கரகரவென்று, தூரத்தில், அவன் குரல்: "அவளக் கூப்புடும்மா."

காதில், தெளிவாக, அவன் குரல்: "இன்னும் ஒரு படிதான்."

அத்தை என்று கத்தினாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. காது விடவில்லை.

மேலே செருப்புச் சத்தம் விலகிப் போனது. "எங்க போனாளோ, காணமே..."

கீழே பார்த்தாள்.

தண்ணீருக்கடியில் ஒரு வெளிச்சம். நீல வெளிச்சம். பக்கத்தில் இன்னொன்று. பிறகு நிறைய. ஒவ்வொரு வெளிச்சத்தையும் ஒட்டி ஒரு கன்னம். ஊறிய, வெளுத்த கன்னம். சாய்ந்த தலைகள். காதோடு அழுத்திய கைகள்.

எல்லா முகமும் அவளை நோக்கி நிமிர்ந்திருந்தது. எல்லா உதடும் ஒன்றாக அசைந்தது. அவள் காதில் மோகன்குமாரின் குரல் கேட்டது.

"இப்பக் கேக்குதா புள்ள?"