வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்

ஒலிப்பதிவு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. "உன் பேர் சொல்லு" என்று மதியழகன் கேட்பான், மகள் ரக்ஷிதா "சொல்ல மாட்டேன்" என்று சிரிப்பாள், அத்தோடு நின்றுவிடும். அன்று மாலை அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

தமயந்தி தினமும் கேட்கிற பதிவு அது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் லாரி மோதிக் கணவன் மதியழகன் போன பிறகு, மர்பி டவுனின் அந்த இரண்டு அறை வீட்டில் அவன் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். செங்கல் பருமனில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து சமையலறைப் பரணில் வைத்து, போட்டோ, பாட்டு, இந்தப் பதிவு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, முன்னறைக் கம்ப்யூட்டரிலும் தன் லேப்டாப்பிலும் திறக்கிற மாதிரி ஒயர் இழுத்திருந்தான். தாளித்த வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் கலந்த அந்த மூலையில் பெட்டியின் விசிறி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும்.

மறுநாள் பதிவு இன்னும் நீண்டிருந்தது. வெளியே ஷீட் கூரையில் மழை தடதடக்க, ஹெட்ஃபோனுக்குள்ளும் அதே மழை. அதற்கு நடுவே, வாயில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல, அவன். "தமா."

அவள் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். சமைக்காமல், குளிக்காமல், அதிலேயே கிடந்தாள். அவன் பேசினான். அவனோடு ரக்ஷிதாவும் பேசினாள்.

அது உறைக்கச் சில நாட்கள் ஆயின. பதிவில் ரக்ஷிதா "ஸ்கூல்" என்று சொல்லும்போது காற்று சீறியது. அவளுக்கு முன்பல் விழுந்தது போன வாரம்தான். அப்பா செத்த பிறகு.

பிள்ளை வீட்டில் பேசி எத்தனை நாளாயிற்று? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை என்று பள்ளிக்கூடத்து மிஸ் போனில் குறைப்பட்டிருந்தார். இவள்தான் காதில் வாங்கவில்லை.

"அம்மான்னு சொல்லுடா கண்ணு."

ரக்ஷிதா வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் ஏதோ கரகரவென்று உரசியது. அவ்வளவுதான்.

தமயந்தி ஓடிப்போய் அந்த ஃபைலை அழிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இதை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று திரையில் வந்தது. லேப்டாப் அலமாரியில் மூடிக் கிடந்தது. மறுபடி அழுத்தினாள். வேறொருவர். மறுபடி. வேறொருவர்.

கொழுந்தன் நாகேஷுக்கு போன் போட்டு, அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். அவனுக்குப் பாதி புரியவில்லை. "மொதல்ல அந்தப் பொட்டி ஒயரைப் புடுங்கிடுங்க அண்ணி, நான் வர்றேன்," என்றான்.

ஸ்டூல் ஆடியது. ஏறினாள்.

"நான் வர்றேன்யா உன்கூட. அவளை விட்டுடு."

பெட்டியைப் பார்த்துக் கெஞ்சினாள். கரெண்ட் ஒயரைப் பிடுங்கினாள். மற்றதையும். பெட்டியின் விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

ரக்ஷிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

மார்பிலிருந்த பெட்டி அதிர்ந்தது.

"அம்மா, லைட்டைப் போடு," என்று உள்ளிருந்து அழுதாள் ரக்ஷிதா. "எல்லாம் இருட்டா இருக்குது. அப்பா கைய விட மாட்டேங்கிறாரு."

வாசலில் உதடுகள் நின்றுவிட்டன. வாய் மட்டும் திறந்தே இருந்தது. பிள்ளையின் வலது கை, உயரமான ஒருவர் பிடித்திருப்பது போல, தலைக்கு மேலே தூக்கியபடி நின்றது.