பதினோராவது மாடிக்கு ஏறாத தண்ணீர்

உட்காரச் சொல்லியும் அந்தப் பெண் உட்காரவில்லை. தையல்காரி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். அவள் தம்பி பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் பம்ப் ஆபரேட்டர். செவ்வாய்க்கிழமை பதினோராவது மாடியில் தீப்பிடித்தது. சுவரிலிருந்த ஹைட்ரன்ட்டில் ஹோஸை மாட்டித் திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த மாடிக் காவலாளி புகையில் மூச்சடைத்துச் செத்துப்போனார். பம்பை ஓட்டாமல் விட்டதாகப் போலீஸார் தம்பியைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"முதல்ல ஓட்டினேன்னு சொன்னான். இப்போ, ஒருவேளை ஓட்டலையோன்னு அவனே சொல்றான் மேடம். சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவான்."

அண்ணி பேனாவை மூடி வைத்தாள். கட்டடங்களின் தீயணைப்புச் சாதனங்களைச் சோதிப்பது அவளுக்கு இருபது வருடத் தொழில். துருவித் துருவிக் கேட்பதால் அந்த வட்டாரத்தில் 'துருவி' என்றால்தான் அவளைத் தெரியும். கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி. அவளுக்கு வண்டி ஓட்டுவது அவன் வேலை. வண்டி ஏறும்போதே "இது கொலைதான் அண்ணி" என்பது அவன் வழக்கம். அன்றும் சொன்னான். அண்ணி வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை.

கட்டடத்தின் அடித்தளத்துக்கு மேனேஜரே கூட்டிப்போனார். கீழே இறங்க இறங்கக் கரிந்த நாற்றம் கூடவே இறங்கியது. மேனேஜர் மெல்லிய குரல்காரர், எதற்கும் பதறாதவர். பொத்தானை அழுத்தினார். பம்ப் உடனே உறுமியது. அழுத்தமானியின் முள் ஏழில் போய் நின்றது. பம்ப் நன்றாக இருக்கிறது, ஓட்ட வேண்டியவன்தான் ஓட்டவில்லை என்றார்.

பம்பிலிருந்து போகும் குழாய் பக்கத்து அறைக்குள் நுழைந்து, அங்கே ஒரு பெரிய வால்வைத் தாண்டித்தான் மாடிகளுக்கு ஏறியது. அந்த அறைக்குப் பூட்டு உண்டு. சாவி தன் பையை விட்டு வெளியே போனதே இல்லை என்றார் மேனேஜர். கதவைத் திறந்து காட்டினார். வால்வு திறந்துதான் இருந்தது. சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு நின்றது. குழாய், சக்கரம் எல்லாம் புத்தம்புதுச் சிவப்புப் பெயின்ட். தண்டில் மட்டும் நுனியில் கட்டைவிரல் அகலம் சிவப்பு. கீழே வெறும் இரும்பு மினுமினுத்தது.

"பெயின்டர் சரியான சோம்பேறி அண்ணி. நுனியில தொட்டுட்டு ஓடிட்டான் பாருங்க."

அண்ணி குனிந்து தண்டின் நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பெயின்டரையும், பிளம்பரையும், வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரையும் வரவழைக்கச் சொன்னாள்.

எல்லாரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். தீக்கு முந்தின சனிக்கிழமை மேனேஜர்தான் அறையைத் திறந்துவிட்டார், கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தேன் என்றார் பெயின்டர். பத்தாவது மாடியில் ஹைட்ரன்ட் வாய் ஒழுகி, அங்கிருந்த ஆபீஸின் புது மரத்தரை ஊறியதாகவும், மேனேஜரிடம் சொன்ன மறுநாளே ஒழுகல் தானாக நின்றுவிட்டதாகவும் பிளம்பர் சொன்னார்.

"தானா எதுவும் நிக்காது" என்றாள் அண்ணி. "இந்த வால்வைத் திறந்தா தண்டு மேல எழும்பும். மூடினா உள்ள இறங்கிடும், நுனி மட்டும்தான் வெளிய தெரியும். பெயின்டர் சோம்பேறி இல்லை. அவர் பார்த்தது நுனி மட்டும்தான், அதுக்கு அடிச்சார். சனிக்கிழமை வால்வு மூடியிருந்தது. திறந்திருந்தா தண்டு முழுக்கச் சிவப்பா இருந்திருக்கும்."

"அப்புறம் திறந்திருப்பாங்க மேடம், தீக்கு முன்னாடியே" என்றார் மேனேஜர். குரல் இன்னும் மெல்லியதாகத்தான் இருந்தது.

"முன்னாடியே திறந்திருந்தா பதினோராவது மாடிக்குத் தண்ணி போயிருக்கும். பத்தாவது மாடியும் மறுபடி ஒழுகியிருக்கும். இப்போ ஒழுகுதா?"

ஈரத்தைத் துடைத்து மாளவில்லை, புதன்கிழமையிலிருந்து ஒழுகுகிறது என்றார் பிளம்பர். சாவி யாரிடம் என்று கேட்கத் தேவையில்லாமல் இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார். மேனேஜர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். ரிப்பேர் முடியும் வரைக்கும்தான் மூடினேன், ஒரு வாரம்தானே என்று நினைத்தேன், தீ அணைந்ததும் பயந்துபோய்த் திறந்துவிட்டேன் என்று முனகினார்.

ஸ்டேஷனில் அக்கா ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி பொறுமையாக விளக்கினாள்: அழுத்தமானி வால்வுக்கு முன்னால், பம்ப் பக்கமாக இருக்கிறது, அதனால் மேலே சொட்டுத் தண்ணீர் ஏறாவிட்டாலும் முள் ஏழைத்தான் காட்டும். பம்பை நீ ஓட்டினாய், உன் மேல் தப்பில்லை.

அவன் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

"ஓட்டினேன்னு எனக்குத் தெரியும் மேடம். காவலாளி அண்ணன் மேலயிருந்து போன் பண்ணி, தண்ணி வரலையேப்பா, நான் கீழ ஓடி வந்துடவான்னு கேட்டார். முள் ஏழு காட்டுது, வந்துடும், ஹோஸை விடாம நில்லுங்கண்ணேன்னு நான்தான் சொன்னேன். நின்னார்."

வாக்குமூலம் எழுதி வாங்க வைத்திருந்த வெள்ளைத் தாள் பெஞ்சில் அப்படியே கிடந்தது. செய்யாத தப்புக்கு இவன் ஏன் கையெழுத்துப் போடத் துணிந்தான் என்பது கொழுந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணியைப் பார்த்தான். அண்ணி தாளை ஓரமாக நகர்த்திவிட்டு, அவனைத் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்தாள்.