பட்டியலில் இல்லாத பெயர்

1996 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பல்லடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அமலியம்மாவின் வீட்டைத் தேடி நடந்தேன். விசைத்தறிகளுக்கு விடுமுறை. தெருவில் காற்று மட்டும்தான் நடமாடியது. இரண்டு வருடமாக நான் தள்ளிப்போட்ட நடை அது.

நான் யாகூப். விமானப்படையின் சரக்கு விமானங்களில் ஆள் ஏற்றிவிடும் குமாஸ்தா. லீவில் ஊருக்குப் போகும் வீரர்களுக்கு, இடம் இருந்தால் அதிலேயே ஓர் ஓரம் கிடைக்கும். பெயர்ப் பட்டியலில் அதிகாரியின் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைத் தரையில் வைத்துக்கொள்வோம். விமானம் விழுந்தால் செத்தவர் யார் யார் என்று சொல்வது அந்தக் காகிதம்தான். பிறகு பெயர்களை வாசிப்பேன். ஒவ்வொருவரும் "சார்" என்று குரல் கொடுத்துவிட்டு ஏறுவார்கள்.

வடகிழக்கில் ஒரு மலையடிவாரத் தளத்தில் வேலை பார்த்தபோது, கையெழுத்து ஆன பிறகு லியோ ஓடி வந்தான். அதே தளத்து வீரன், பல்லடத்துக்காரன். அங்கே எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே துணை.

"ஏனுங்ணா, அம்மாவுக்கு முடியலீங்ணா. இப்பத்தான் லீவு குடுத்தாங்க. என்னையும் ஏத்தி உட்டுருங்க."

மறுபடி கையெழுத்துக்குப் போனால் அதிகாரி வள்ளென்று விழுவார். நம்ம ஊர்க்காரன்தானே என்று எழுதாமலே ஏற்றிவிட்டேன். பதினொரு பெயர் வாசித்தேன். பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.

விமானம் மலையில் மோதி எரிந்தது.

கரியில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பட்டியலை வைத்துப் பதினொரு பெட்டிகள் ஊர்களுக்குப் போயின. லீவு முடிந்தும் திரும்பாத லியோவைப் படையை விட்டு ஓடிப்போனவன் என்று எழுதினார்கள். அவன் பார்க்கக் கிளம்பிய அம்மா, இந்த அமலியம்மா, பிழைத்துக்கொண்டார்; அவர் வீட்டுக்குப் போலீஸ் போய் மிரட்டிவிட்டு வந்தது. வேலை போய்விடும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். கோழை நான், வேறென்ன சொல்ல?

பிறகு பல்லடத்துக்குப் பக்கத்திலேயே, சூலூர் விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் பட்டியலில் ஒன்பது பெயர். வாசித்து முடித்தேன். ஒன்பது பேரும் ஏறிவிட்டார்கள். அவர்கள் காத்திருந்த கொட்டகை காலி.

"சார்."

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. ஈர மண்ணும் எரிந்த எண்ணெயும் கலந்த வாடை. திரும்பினால் யாரும் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டியலுக்குப் பிறகும் அந்தக் குரல். அதில் மிரட்டல் இல்லை. நம்மையும் கூப்பிடுவார்களா என்று வரிசையின் கடைசியில் தனியாக நிற்பவனின் குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல்லடத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அமலியம்மாவின் வீட்டுக்குள் உட்கார்ந்து அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எம் பையன் ஓடிப்போகலீங்க" என்றார். பிறகு, "அன்னிக்குக் கூப்புடாத பேர இப்பக் கூப்புடுங்க" என்றார்.

பட்டியல் வாசிக்கும் குரலிலேயே கூப்பிட்டேன்.

"லியோ."

"சார்."

சமையலறைக்குள்ளிருந்து வந்தது.

அதே வாடை. அமலியம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனார். நான் எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே தட்டு வைக்கும் சத்தம்.

"சாப்புடறயா கண்ணு?"

"சார்."

"இத்தன நாளா எங்க இருந்த?"

"சார்."