சுவரேறாத பிசாசு

பட்டறையில் தூசி படியாத இடமே கிடையாது. உளி பட்டுப் பறக்கும் வெள்ளைப் பொடி கூரை மரத்திலும், கடித்து வைத்த ரொட்டியிலும், தரையில் வரிசையாகப் படுத்துக் கிடந்த புனிதர்களின் தாடியிலும் மாவு மாதிரி அப்பியிருந்தது. பிசாசின் முகத்தில் குடைந்த இரண்டு கண்குழிகளில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

சிற்பி இசாம்பாருக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எவனோ ஒரு மடையன் வந்து துடைத்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தான். மடையர்களுக்கு அந்தத் துறவி மடத்தில் பஞ்சமா? பாடுவதைத் தவிர ஒன்றும் தெரியாத துறவிகள், சுண்ணாம்பு குழைப்பதையே பெரிய வித்தை என்று நினைக்கும் கொத்தன்கள், கல்லில் வெட்டிய நரகத்தைப் பார்த்து மூத்திரம் போகும் குடியானவர்கள். இதுகளுக்காகவா செதுக்குகிறோம் என்று அவன் தினம் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேட்டுக்கொள்வான்.

தேவாலயத்தின் தலைவாசலுக்கு மேலே வைக்கப்போகும் கடைசித் தீர்ப்புச் சிற்பம் அது. தேவதூதன் ஆன்மாக்களைத் தராசில் நிறுப்பான், பிசாசு ஒரு தட்டைப் பிடித்துக் கீழே இழுக்கும். பிரான்சின் பர்கண்டிச் சீமை முழுக்கத் தேடினாலும் பிசாசுக்குத் தரையில் வைத்தே கண் குடைகிற சிற்பி கிடைக்க மாட்டான். கல் சுவரில் ஏறி, சுண்ணாம்பு இறுகி, இனி அது நகராது என்று தெரிந்த பிறகு சாரத்தில் நின்றுதான் குடைவார்கள். இசாம்பார் அந்த வழக்கத்தைக் கேட்டுச் சிரித்தான். நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளன்று தரையிலேயே வைத்துக் குடைந்து முடித்தான். மறுநாள் உறைபனி விழுந்தது. ஈரச் சுண்ணாம்பு பனியில் வெடித்துவிடும் என்று வேலையை நிறுத்தி, பாதியில் நின்ற சுவருக்கு வைக்கோலும் சாணமும் போர்த்தினார்கள். இனி ஈஸ்டர் வரைக்கும் ஒரு கல்கூட மேலே ஏறாது. கண் திறந்த பிசாசு அதுவரை அவனோடுதான்.

சுவருக்கு வைக்கோல் போர்த்திய கொத்தன் பெரார் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏன் மேஸ்திரி, அதுக்குள்ள கண்ணத் தொறந்துட்டீங்க?"

"மேல போயி கழுத்த மடக்கிக்கிட்டு வௌவாலாட்டம் தொங்கச் சொல்றியா? கல்லு கல்லுதாண்டா. உன் மண்டையும் அதே ரகம்தான்."

பெரார் கோபித்துக்கொள்ளவில்லை. "எதுக்கும் ஒரு துணியப் போட்டு மூடி வையுங்க மேஸ்திரி."

"முதல்ல உன் வாய மூடு."

ஆனால் இசாம்பார் பிசாசின் முகத்தை மூடினான், யாரும் பார்க்காதபோது. மறுநாள் காலை சாக்குத்துணி கீழே கிடந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டான். பட்டறையில் எங்கே உட்கார்ந்தாலும் கழுத்துக்குப் பின்னால் யாரோ மெல்ல இமை தட்டுவது போல, ஈரமான இரண்டு தோல்கள் ஒட்டிப் பிரிவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உளியை நிறுத்தினால் அதுவும் நின்றது. கூரையில் உருகும் பனி என்று சொல்லிக்கொண்டான். பனி உருகும் அளவுக்கு அந்த மாதம் வெயிலே அடிக்கவில்லை.

ஒரு நாள் மதியம் பொறுமை போயிற்று. கை நிறையக் கல்பொடியை அள்ளி இரண்டு குழிகளிலும் திணித்தான். தன் நீலக் கழுத்துத்துணியிலிருந்து கொஞ்சம் கம்பளி பிய்த்து, அதன் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். "இப்பப் பாருடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

டர்னிப் சூப்பை இரண்டு வாய் குடிப்பதற்குள் இடது கண் உறுத்தியது. கிண்ணம் காலியாவதற்குள் இரண்டு கண்ணும் எரிந்தன. பட்டறைக்குத் திரும்பிப் பார்த்தான். குழிகள் சுத்தமாக இருந்தன. கம்பளியைக் காணவில்லை.

மூன்று நாளில் பார்வை கலங்கிவிட்டது. கண்ணைக் கழுவக் கழுவ வெள்ளையாகப் பொடி வந்தது. சுத்தியல் விரலில் விழுந்தது. பார்வை போன சிற்பிக்கு என்ன வேலை? தலைவாசல் படியில் உட்காரும் வேலை. அங்கே கையேந்தும் பிச்சைக்காரர்களை அவன் தினமும் செருப்புக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் தாண்டுவான். அவர்களில் ஒருவனாக உட்கார வேண்டும். இசாம்பாருக்குப் பயம் வந்தது. ஆனால் இந்த மடையர்களிடம் போய் எதைச் சொல்வது? கல்பொடி பிசாசின் கண்ணிலிருந்து என் கண்ணுக்கு வருகிறது என்றா? அதைவிடக் குருடாவதே மேல் என்று நினைத்தான்.

பெராரே வந்தான். "நான் சொன்னா திட்டுவீங்க. சுவத்துல ஏறின அப்புறம் குழியில ஈயத்த வெச்சுத் தட்டி அடைப்போம்ல? கண்மணி மாதிரி. அதோட அது அடங்கிரும். இப்பக் கல்லு படுத்துத்தானே கிடக்கு, உருக்கியே ஊத்திரலாம்."

"ஊத்தித் தொலை. உன் முட்டாள்தனத்துக்கு ஒரு வேலை வேணும்ல."

மடத்தின் மருத்துவ அறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனான். வைத்தியம் பார்க்கும் துறவி, சகோதரர் எர்மோன், அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, இமையைப் புரட்டி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றினார். மடத்துக் கஷாய நாற்றம். வெளியே வெள்ளை மூட்டம்.

"அசையாத. என்னமோ மாட்டியிருக்கு." இரண்டு விரலால் மெல்ல இழுத்தார். "இதென்னப்பா, கம்பளி? கண்ணுக்குள்ள எப்பிடிப் போச்சு?"

அவர் விரலில் நீலமாக ஒரு பிசிறு.

இசாம்பார் அதைப் பார்த்தான். அப்புறம் மூக்கில் ஏறியது அந்த வாடை. முற்றத்தைத் தாண்டி. உருகும் ஈயம்.

"பெரார்!"

அதே நேரம் பிற்பகல் செப மணி அடித்தது. துறவிகள் பாட ஆரம்பித்தார்கள். அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

ஓடினான். பனியில் வழுக்கினான். எழுந்தான். கதவு எங்கே? தடவினான். மரம். கல். மரம்.

"ஊத்தாதடா! டேய், ஊத்தா—"

வலது கண்.

சத்தம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு முழங்காலில் விழுந்தான். கன்னத்தில் கொதிப்பாக ஏதோ வழிந்து, விரல் படுவதற்குள் இறுகியது.

மிச்சமிருந்த இடது கண்ணுக்கு மங்கலாகப் பட்டறை தெரிந்தது. அடுப்பு தெரிந்தது. கல்லின் மேல் குனிந்திருந்த பெராரின் முதுகு தெரிந்தது. பிசாசின் ஒரு கண்ணில் வெள்ளி மாதிரிப் புது ஈயம் பளபளத்தது.

காலடி கேட்டும் பெரார் திரும்பவில்லை. கை நடுங்கக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறைந்த கரண்டியை அடுத்த குழிக்கு மேலே கொண்டுபோனான்.

"வந்துட்டீங்களா மேஸ்திரி? இருங்க, முடிஞ்சிருச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."