புகை இல்லாமல் கத்திய பெட்டி

பிள்ளையார்பாளையத்தில் அந்த வாடகை வீட்டுக்குத் தறியையும் தொட்டிலையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் குடிபோனது 2007 மாசியில். வீட்டைச் சுற்றிப் பார்த்த என் மனைவி காவேரி பின்கதவின் முன் நின்றுவிட்டாள். குறுக்கே பலகைகள் வைத்து ஆணி அடித்திருந்தது.

“பட்டும் ஜரிகையும் இருக்குற வூடு. பின்கதவு தொறந்திருந்தா திருடன்தான் வருவான்,” என்றார் வீட்டுக்காரர் வேணுகோபால்.

“நெருப்பு புடிச்சா நாங்க எப்டி வெளிய வர்றது?”

“பால் காய்ச்சுற நாளு, நல்ல வார்த்த பேசும்மா.”

நான் இருவருக்கும் தலையாட்டினேன். தறிக்கு அடுத்தபடி எனக்குக் கைவந்த தொழில் அது.

சிட்னியில் இருக்கும் மச்சான் ஒரு புகை அலாரம் கொடுத்தனுப்பியிருந்தான். அங்கே அது இல்லாத வீட்டை வாடகைக்கே விடக்கூடாதாம். குழந்தை தூங்கும் பின்னறைக் கூரையில் மாட்டினேன்.

மறுநாள் நடுப்பகலில் அது கத்தியது. அடுப்பு எரியவில்லை. அதற்கடுத்த நாளும் கத்தியது. குழந்தை வீறிட்டது. தறியில் இழை அறுந்தது. ஏணியில் ஏறி இறங்கியே என் முழங்கால்தான் முதலில் தேய்ந்துபோகும் போலிருந்தது.

“உங்க அண்ணன் குடுத்தது புகைய பாத்து கத்துற மிஷினா, என்ன பாத்து கத்துற மிஷினா?”

“எங்க அண்ணன ஏன் இழுக்கறீங்க? மொதல்ல பின்கதவ தொறங்க.”

கடுப்பில் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன்.

கத்தியது.

கையில் வெறும் பெட்டி. கூடவே ஒரு கருகல் நாற்றம். பட்டு இழையைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் வாசம்தான் வரும். அசல் பட்டா என்று நாங்கள் பார்ப்பதே அப்படித்தான். பதறித் தறிக்கு ஓடினேன். பாவு முழுவதையும் தடவிப் பார்த்தேன். ஓர் இழைகூடக் கருகவில்லை.

அப்படியென்றால் அது பட்டு இல்லை.

பின்னறையிலிருந்து காவேரி குரல் கொடுத்தாள். “இங்க வாங்களேன். யாரோ கதவ பிராண்டுறாங்க.”

“பூனையா இருக்கும்.”

“உள்பக்கம் பிராண்டுதுங்க.”

கதவருகே யாரும் இல்லை. பலகை இடுக்கிலிருந்து மரத்தூள் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது.

கடப்பாரையை எடுத்து வந்து நெம்பினேன். கடைசிப் பலகை விழுந்ததும் பெட்டி அடங்கியது. கதவில் நகக்கீறல்கள். எல்லாம் தாழ்ப்பாளைச் சுற்றியே.

சத்தம் கேட்டு வந்த வேணுகோபால் திட்ட வாயெடுத்தார். கீறல்களைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பெயிண்ட் அடிச்சு மூடினேனே... தில்லையம்மா. உங்களுக்கு முன்னாடி குடியிருந்தவ. ஸ்டவ் வெடிச்சு முன்னறை பத்திக்கிச்சு. பின்னாடி ஓடியிருக்கா. நான்தான் ஆணி அடிச்சு...”

எனக்குப் பயம் போய் அழுகை வந்தது. ‘கதவைத் திற’ என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். நான் பேட்டரியைப் பிடுங்கி அவள் வாயை மூடப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை வேணுகோபால் வெள்ளைச் சட்டையில் வந்தார்.

“எங்க வூட்டு பின்கதவயும் தொறந்துட்டேன்பா. தெரு பூரா தொறக்க சொல்லிக்கினு வரேன். எனக்கே தோணுச்சு.”

“நல்லதுங்க.”

திரும்பி நடந்தார். சட்டையின் முதுகில் ஒரு பெண்ணின் இரண்டு உள்ளங்கைகள், கரியாய்ப் பதிந்திருந்தன.

அடுத்த வீட்டு வாசலில் அவர் கொஞ்சம் தயங்கினார்.

கரி படிந்த இடத்தில் சட்டை உள்ளே குழிந்தது.