நான்காவது வரிசையில் ஹேமாவதி

குக்கர் விசில் அடிக்கவில்லை. ஆவி மேலே போனது, வெயிட் தன்பாட்டுக்குத் தலையாட்டியது, பருப்பு வாசனை கூடம்வரைக்கும் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அடிப்பிடித்த பிறகுதான் சந்திரமோகனுக்கு மூக்கு வழியாகச் செய்தி கிடைத்தது. கேஸ்கட் போயிருக்கும் என்று அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். மனைவி ஹேமாவதி அக்காவைப் பார்க்க மணவூர் போயிருந்தாள். திட்ட ஆளில்லாத வீட்டில் தீய்ந்த பருப்பும் பருப்புதான்.

அது அவன் பிறப்பதற்கு முன்பே தயாரான கம்ப்யூட்டர். இன்றைய செல்போன் படம் ஒன்றுகூட அதன் மூளையில் முழுசாக உட்காராது. அதில்தான் பாட்டுக் கட்டினான். திரையில் நான்கு வரிசை எண்கள், வரிசைக்கு ஒரு குரல். குரல் வேண்டுமென்றால் ஏதாவது சத்தத்தைப் பதிய வேண்டும். இடம் போதாது, அதனால் நகக்கண் அளவுத் துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிய வேண்டும். அந்தத் துண்டையே சுழலவிட்டால், விரலை எடுக்கிறவரைக்கும் குரல் மூச்சு வாங்காமல் நீளும். வெட்டியது வெட்டியதுதான்.

மத்தியானம் பக்கத்து வீட்டு விஷ்ணு வந்தான். பொதட்டூர்பேட்டைக்காரன், வீட்டிலேயே விசைத்தறி போட்டிருப்பவன். காதைக் குடைந்துகொண்டே நின்றான்.

"அண்ணா, தறி ஊமையாயிடுச்சிண்ணா. ஓடிகினுதான் கீது, லுங்கியும் வந்துகினுதான் கீது. சத்தமே இல்ல. குழந்தைங்க நல்லா தூங்குது, அதுல குத்தம் சொல்லக்கூடாது."

சந்திரமோகன் திரையைத் திரும்பிப் பார்த்தான். முதல் வரிசை, குக்கர் விசில். இரண்டாவது, விஷ்ணுவின் தறி. மூன்றாவது, தெருக்கோடி அடிபம்பு. பம்பில் இன்னும் சத்தம் வருகிறதா என்று அவன் போய்ப் பார்க்கவில்லை.

நான்காவது வரிசைக்கு முந்தின நாள் ஒரு குரல் பிடித்திருந்தான். சமையலறையிலிருந்து ஹேமாவதி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டது. அத்தை மகள், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனைத் தெலுங்கில் அத்தான் என்கிற "பாவா"தான். அவளுக்குத் தெரியாமல் பதிந்து, இன்று காலை அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு நடுவில் இருந்த 'ஆ'வில் ஒரு சில்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தான்.

போன் போட்டான். எடுத்தாள். ரயில் தண்டவாளம் தட்டுவது கேட்டது, சுண்டல் விற்பவன் கூவுவது கேட்டது, யாரோ தெலுங்கில் இருமினார்கள். அவள் குரல் மட்டும் கேட்கவில்லை.

பெட்டியில் அழித்துவிட்டால் சத்தம் திரும்பிவிடுமா? விசிலை வைத்துச் சோதித்தான். முதல் வரிசையை அழித்துவிட்டுக் குக்கரை ஏற்றினான். வெயிட் ஆடியது, அவ்வளவுதான். இப்போது விசில் எங்குமே இல்லை, பெட்டிக்குள்ளும் இல்லை. நான்காவது வரிசை பக்கம் அவன் கையைக் கொண்டுபோகவில்லை. அவளுடைய குரலில் உலகத்தில் மிச்சமிருந்தது அந்தச் சில்லு ஒன்றுதான்.

மலைக்கோயிலில் விளக்குப் போட்ட நேரத்துக்கு ஹேமாவதி வந்தாள். பையை வைத்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். உதடுகள் 'பாவா' என்று அசைந்தன. வெறும் காற்று. கண்ணில் தண்ணீர். அவன் அவளைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். இருக்கிற இந்தத் துண்டையாவது அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பட்டது.

நான்காவது வரிசை. விசையை அழுத்தினான்.

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அவள் வாய் திறந்தது.

"ஆ..."

அவளுடைய குரலேதான். அவள் சிரித்தாள், கண்ணால். அவன் விசையிலிருந்து விரலை எடுத்தான்.

நிற்கவில்லை.

ஏற்றமில்லை. இறக்கமில்லை. ஒரே கோடாக. அவள் சிரிப்பு போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது. குரல் இருண்டுபோகவில்லை. அவள் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தான். காற்று வரவில்லை. நெஞ்சு ஏறவில்லை. கண்கள் மட்டும் அவனையே பார்த்தன, முழு நினைவோடு.

அவள் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மேலே தள்ளினாள். பற்கள் சேர்ந்தன. உதடு மூடியது. இறுக மூடிய அந்த வாயிலிருந்து, கொஞ்சமும் குறையாமல், 'ஆ' வந்துகொண்டே இருந்தது.